ஒரு ஆம்ப்... ரெண்டு கிடார்... பதினஞ்சு நாள் சண்டை!



கல்ச்சுரல்ஸ் சீஸன் வந்தாச்சு. நோட்டீஸ் போர்டில் 'லைட் மியூஸிக் - பேர் கொடுக்கக் கடைசி நாள்' என்று பேப்பர் ஒட்டியாச்சு. ஹாஸ்டல் மொட்டை மாடியில் உங்க பேண்டும் ரெடி. பாடறதுக்கு ஒருத்தன், தாளத்துக்கு ஒருத்தன், கிடாருக்கு மட்டும் ரெண்டு பேர். ஏன்னா, நம்ம ஊரில் எந்த பேண்டை எடுத்தாலும் கிடார் வாசிக்கத்தான் கூட்டம் அதிகம். பேஸ் வாசிக்க ஆளைத் தேடித்தான் பிடிக்கணும்!

சரி, கிடார் ரெண்டு இருக்கு. ஆம்ப்? அங்கேதான் இடிக்குது. ஒண்ணே ஒண்ணு. அதுவும் சீனியர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கினது. அதுல இன்புட் ஓட்டையும் ஒண்ணே ஒண்ணு.

"அட, ஒரு ஒய் ஜாக் வாங்கி ரெண்டையும் சேத்துச் சொருகினா முடிஞ்சுது மாப்ளே!"

இப்படி ஒரு குரல் உங்க கேங்கிலும் கேட்டிருக்குமே? நில்லுங்க. அந்த ஜாக்கை வாங்கறதுக்கு முன்னாடி இந்தப் பக்கத்தைப் படிச்சிடுங்க. நான் அதை வாங்கினவன். அதனால ஒரு நல்ல ஃப்ரெண்டைக் கிட்டத்தட்ட இழந்தவன்.

உக்கடத்தில் ஒரு ஒய் ஜாக்

உக்கடத்தில் மேம்பாலம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி நடந்த கதை இது. பாலக்காட்டு பஸ், பொள்ளாச்சி பஸ், டவுன் பஸ், மீன் கூடை ஏத்தின டெம்போ எல்லாம் ஒரே இடத்தில் முட்டிக்கிட்டு நிக்கும். அந்த நெரிசலைத் தாண்டி, நானும் எங்க பேண்டின் லீட் கிடார் பையனும் ஒரு சின்னக் கடையில் ஒய் ஜாக் வாங்கினோம். ரெண்டு கிடார் ஒயரைச் சொருகினா ஒரே ஒயரா வெளியே வரும். பஸ் காசு போக மிச்சம் இருந்த காசில் வாங்கிட்டோம். உலகத்தையே ஜெயிச்ச மாதிரி சிரிச்சுக்கிட்டே வந்தோம்.

பிராக்டிஸில் பிரச்னை இல்லை. சத்தம் கொஞ்சம் கம்மியா, கொஞ்சம் 'மொத்தையா' இருந்த மாதிரி தோணுச்சு. ஆம்ப் வால்யூமை ஏத்தி வெச்சுட்டோம்.

மேடையில்தான் ஆப்பு. ரெண்டாவது பாட்டு. அவன் லீட் முடிச்சான். கம்பி சுருதி கொஞ்சம் எறங்கியிருக்குன்னு, சத்தம் வெளியே போகாம டியூன் பண்ண, தன் கிடார் வால்யூமை ஜீரோவுக்குக் கொண்டுபோனான். அந்த நொடியில் என் கிடார் செத்துப்போச்சு! கை பாட்டுக்கு ஓடுது, சத்தம் மட்டும் இல்லை. பாடறவன் அந்தரத்தில் தொங்கறான். பின் வரிசையிலிருந்து ஒரே ஊளை. அரை நிமிஷம் கழிச்சு அவன் வால்யூமைத் திருப்பினதும், என் கிடார் ஒண்ணுமே நடக்காத மாதிரி உயிரோட வந்துது.

நான் பார்த்தது ஒண்ணே ஒண்ணுதான். அவன் கை நாபுக்குப் போச்சு, என் சத்தம் போச்சு. "வேணும்னே பண்ணிட்டான்" என்று முடிவே கட்டிட்டேன். மேடைக்குப் பின்னாடி வார்த்தை முத்திப்போய், பதினஞ்சு நாள் பேச்சு இல்லை. அவன் வேற பேண்டில் சேரப்போறதா கேன்டீனில் சேதி.

மோட்டார் ரூம் பாடம்

எங்களைச் சேர்த்து வெச்சது அவனோட அப்பா. உக்கடம் பக்கத்தில் மோட்டார் வைண்டிங் பட்டறை வெச்சிருந்தார். கிடாரைப் பத்தி அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனா கிணத்து மோட்டாரைப் பத்தித் தெரியாதது எதுவும் இல்லை. ரெண்டு பேரையும் பட்டறைக்கு வரச்சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, கதையை முழுசாக் கேட்டார். அப்புறம் ஒய் ஜாக்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, தோட்டத்துல கெணத்து மோட்டாரும் போர் மோட்டாரும் ஒரே பைப்புல டீ போட்டுச் சேத்தியிருக்குதுன்னு வெச்சுக்க. ரெண்டும் ஓடுனா தண்ணி தொட்டிக்கு வருதில்ல? இப்பப் போர் மோட்டாரை நிறுத்திப்போட்டா?"

"கெணத்துத் தண்ணி மட்டும் வருமுங்க அங்கிள்."

"நடுவுல செக் வால்வு இல்லீன்னா?"

நாங்க முழிச்சோம்.

"கெணத்துத் தண்ணி பூராவும் நேராப் போர்க்குழிக்குள்ள எறங்கிப் போயிருமுங்கண்ணு. தொட்டிக்குச் சொட்டு வராது. அதுக்குப் போய் போர் மோட்டார் மேல கோவிச்சுக்குவியா? பைப்பைச் சேத்துனவன் மேலதான் தப்பு."

பைப்பைச் சேத்தினது நான்தான். ஒய் ஜாக் ஐடியாவே என்னுதுதான்!

நாபுக்குள்ள என்ன இருக்கு?

அவர் சொன்னது கிடாருக்கு அப்படியே பொருந்தும். எப்படின்னு பார்ப்போம்.

எலெக்ட்ரிக் கிடாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுத்தி ஆயிரக்கணக்கான சுத்து மெல்லிய செம்புக் கம்பி. அதாவது, இதுவும் ஒரு வைண்டிங்தான்! எஃகுக் கம்பி அதிரும்போது அந்தச் சுருளில் சின்னதா வோல்ட்டேஜ் பிறக்கும். ஒரு வோல்ட்டின் பத்தில் ஒரு பங்கு, ரெண்டு பங்கு அளவுக்குத்தான். சுருளின் மின்தடை பொதுவா 6 கிலோ ஓமிலிருந்து 15 கிலோ ஓம் வரை இருக்கும். ஆம்பின் இன்புட் கிட்டத்தட்ட 1 மெகா ஓம், அதாவது 1,000 கிலோ ஓம். ஆம்ப் பிக்கப்கிட்டேயிருந்து கரன்டை உறிஞ்சாம, சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போற மாதிரி. அதனால்தான் சத்தம் பளிச்சுன்னு வருது.

பிக்கப்புக்கும் ஜாக்குக்கும் நடுவில் வால்யூம் நாப். உள்ளே 250 அல்லது 500 கிலோ ஓம் பாட். நாபை ஜீரோவுக்குத் திருப்பினா சிக்னலுக்குக் கதவைச் சாத்தறதா நினைக்கிறோம். அதுதான் தப்பு. கதவு சாத்தப்படறதில்லை. கிடாரின் ஜாக்கில் இருக்கிற சிக்னல் முனை நேரா எர்த்தோட போய் ஒட்டிக்குது. அந்தக் கிடார் தனியா இருந்தா யாருக்கும் நஷ்டமில்லை. ஒய் ஜாக் வழியா இன்னொரு கிடாரும் அதே முனையில் கட்டியிருந்தா? அதோட சிக்னலும் அதே குழியில் எறங்கிப் போயிடும். எங்க மேடையில் நடந்தது இதுதான்.

'சரி, ரெண்டு பேரும் ஃபுல் வால்யூமில் வெச்சுக்கிட்டா?' சாகாது, ஆனா இளைக்கும். ஒரே மாதிரி ரெண்டு பிக்கப் என்றால், ஒண்ணு இன்னொண்ணுக்குச் சுமையாகி, ரெண்டோட சிக்னலும் கிட்டத்தட்ட பாதி ஆயிடும். டெசிபலில் சொன்னா 6 குறையும். டோனும் மாறும். பிராக்டிஸில் நாங்க கேட்ட 'மொத்தை' சத்தத்துக்குக் காரணம் இதுதான். எச்சரிக்கை மணி முன்னாடியே அடிச்சிருக்கு. நாங்கதான் வால்யூமை ஏத்தி அதை அமுக்கிட்டோம்.

இதே விளையாட்டு ஒரே கிடாருக்குள்ளும் உண்டு. ரெண்டு பிக்கப், ரெண்டு வால்யூம் இருக்கிற லெஸ் பால் மாடல் கையில் கிடைச்சா, ஸ்விட்ச்சை நடுவில் வெச்சு, ஒரே ஒரு வால்யூமை ஜீரோ ஆக்கிப் பாருங்க. வழக்கமான ஒயரிங்கில் ரெண்டு பிக்கப்பும் சேர்ந்தே ஊமையாகும். ஃபெண்டர் ஜாஸ் பேஸில் அப்படி ஆகாது. அதில் பாட்டின் கால்களை இடம் மாத்திக் கட்டியிருப்பாங்க. ஒண்ணைக் குறைச்சா இன்னொண்ணு சாகாது.

வழி 1: ஆளுக்கொரு ரெசிஸ்டர்

வைண்டிங் அங்கிளுக்கே இந்த ஐடியா உடனே வந்தது. "ரெண்டு பைப்புலயும் சின்னதா ஒரு அடைப்பு வெச்சுப்போட்டா, எதுத்த பக்கம் எறங்கறது கம்மியாகுமில்ல?"

அதேதான். ஒவ்வொரு கிடார் சிக்னலும் ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியா வந்து, அதுக்கப்புறம் ஒண்ணு சேரட்டும். இப்போ உங்க நண்பர் வால்யூமை ஜீரோ ஆக்கினாலும், உங்க சிக்னல் அவர் பக்கம் போக 100 கிலோ ஓமைத் தாண்டணும். கணக்குப் போட்டா, உங்க சத்தம் பாதியை விடக் கொஞ்சம் கம்மியாக் குறையும். ஆனா சாகாது. செலவு? ஒரு டப்பா, மூணு ஜாக், ரெண்டு ரெசிஸ்டர், கொஞ்சம் சால்டரிங். பேட்டரி தேவையில்லை.

குறையும் இருக்கு. சத்தம் நஷ்டம். பிக்கப் மேல சுமை கூடறதால, கம்பியின் 'கிணிங்' கொஞ்சம் மங்கும். முக்கியமா, டப்பாவிலிருந்து ஆம்புக்குப் போற ஒயர் நீளமா இருக்கக்கூடாது. ஒயருக்குன்னு ஒரு கெப்பாசிடன்ஸ் உண்டு. மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று வெச்சுக்கிட்டா, 5 மீட்டருக்கு 500. அதோட இந்த ரெசிஸ்டர்கள் சேர்ந்தா 6,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிற பளபளப்பெல்லாம் சரிய ஆரம்பிக்கும். அதனால டப்பாவை ஆம்ப் தலைமேலயே வெச்சுடுங்க. குட்டை ஒயர் போதும்.

வழி 2: திறந்த தொட்டி

இப்போ தோட்டத்துக்குத் திரும்பி வாங்க. ரெண்டு பைப்பையும் டீ போட்டுச் சேர்க்காம, தனித்தனியாக் கொண்டுபோய் ஒரு திறந்த தொட்டிக்கு மேலே நீட்டி விட்டா? கிணத்துத் தண்ணியும் விழும், போர் தண்ணியும் விழும். ஒண்ணை நிறுத்தினா இன்னொண்ணுக்கு அது தெரியவே தெரியாது. பைப்புக்கும் பைப்புக்கும் சம்பந்தமே இல்லை. சந்திக்கிறது தொட்டியில் மட்டும்.

எலெக்ட்ரானிக்ஸில் அந்தத் தொட்டிக்குப் பேர் சம்மிங் ஆம்ப்ளிஃபையர். ஈசிஈ மக்கள் இப்போ நிமிர்ந்து உக்காருவாங்க! லேப் ரெக்கார்டில் 'ஆப்-ஆம்ப் ஆடர்' என்று வரைஞ்சு கையெழுத்து வாங்கினீங்களே, அதே சர்க்யூட்தான். வைவாவில் திக்கின அந்த 'விர்ச்சுவல் கிரவுண்ட்'தான் நம்ம திறந்த தொட்டி. சிக்னல்கள் சேர்ற புள்ளியின் வோல்ட்டேஜை ஆப்-ஆம்ப் அசையவே விடாது. புள்ளி அசையலைன்னா, ஒரு கிடார் இன்னொரு கிடாரைத் தொட வழியே இல்லை.

செய்யறது இப்படி. டிஎல்074 என்று ஒரு ஐசி. 14 கால், உள்ளே நாலு ஆப்-ஆம்ப். முதல் ரெண்டும் ஆளுக்கொரு கிடாருக்கு பஃபர். இன்புட்டில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர், ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். கிடாரைப் பொறுத்தவரை, தனக்கே தனக்குன்னு ஒரு ஆம்ப் கிடைச்ச மாதிரி. மூணாவது, தொட்டி. ரெண்டு பஃபரிலிருந்தும் ஆளுக்கொரு 100 கிலோ ஓம் வழியா உள்ளே வரும். ஃபீட்பேக்கிலும் 100 கிலோ ஓம். உள்ளே போன சத்தம் குறையாம வெளியே வரும். நாலாவது ஆப்-ஆம்ப், 9 வோல்ட் பேட்டரியைப் பாதியாக்கி 4.5 வோல்ட் நடுப்புள்ளி கொடுக்க. வெளியே போற ஜாக்குக்கு முன்னாடி இன்னொரு கெப்பாசிட்டர், அந்த 4.5 வோல்ட் ஆம்புக்குள்ள போகாம இருக்க. அவ்வளவுதான். ஐசி விலை டீ, வடை ரேஞ்சுதான். டப்பாவும் ஜாக்கும்தான் அதைவிட அதிகம் வரும்.

சால்டரிங் வராதா? சின்ன மிக்ஸர் ஒண்ணை வாடகைக்கு எடுங்க. ஆனா ஒண்ணு கவனிங்க. மிக்ஸரின் சாதாரண லைன் இன்புட் பல சமயம் 10, 20 கிலோ ஓம்தான் இருக்கும். கிடாரை நேராச் சொருகினா சத்தம் கம்பளி போத்தின மாதிரி இருக்கும். 'ஹை-இஸட்' அல்லது 'இன்ஸ்ட்ருமென்ட்' என்று போட்ட இன்புட்டைத் தேடுங்க. இல்லைன்னா நடுவில் ஒரு டிஐ பாக்ஸ். இல்லைன்னா, ஆன் பண்ணி வெச்ச பஃபர் உள்ள பெடல் ஒண்ணு. கோயில் திருவிழா மைக்செட் ஆம்பின் மைக் இன்புட்டுக்கும் இதே எச்சரிக்கைதான். அது மைக்குக்காகச் செஞ்சது, கிடாருக்காக இல்லை.

பகிர்ந்து வாசிக்கிறது கேவலமா?

'ஒரு ஆம்புக்கு ரெண்டு பேரா? கேவலம்டா' என்று யாராவது கிண்டல் பண்ணினா, இதைச் சொல்லுங்க.

1950-களின் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பில் இன்புட் நாலு. அதில் 5எஃப்6-ஏ என்ற சர்க்யூட்டைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் 1962-ல் முதல் மார்ஷல் ஆம்பே பிறந்தது. அதுலயும் நாலு. 1960-களின் புகழ்பெற்ற வாக்ஸ் ஏசி30 மாடலில் ஆறு! மூணு சேனல், சேனலுக்கு ரெண்டு. ஃபெண்டர் ட்வின் ரிவெர்பிலும் ரெண்டு சேனலுக்கு நாலு இன்புட். ஆம்ப் விலை கூடின காலத்தில், ஒரே பெட்டியில் ரெண்டு மூணு பேர் பகிர்ந்து வாசிக்கவும் இவை உதவின. ஃபெண்டரின் பழைய டீலக்ஸ் ஆம்ப் முகப்பில் 'இன்ஸ்ட்ருமென்ட்' பக்கத்திலேயே 'மைக்' என்றும் போட்டிருக்கும். பாட்டும் கிடாரும் ஒரே பெட்டியில்!

அந்த ஃபெண்டர் இன்புட்களுக்குப் பின்னாடி திறந்து பார்த்தா, ஒவ்வொரு ஜாக்குக்கும் ஒரு 68 கிலோ ஓம் ரெசிஸ்டர். ரெண்டு ஜாக்கிலும் கிடார் சொருகினா, ரெண்டும் தன் தன் ரெசிஸ்டரைத் தாண்டித்தான் வேல்வ் வாசலில் சேரும். நம்ம 'வழி 1' அப்படியே உள்ளே உக்காந்திருக்கு. அதனால உங்க ஆம்பில் ரெண்டு இன்புட் இருந்தா, முதலில் அதைப் பயன்படுத்திப் பாருங்க. எந்த டப்பாவும் வேண்டியதில்லை.

இன்னொரு சுவாரஸ்யம். 1955 வாக்கில் வந்த அந்த டீலக்ஸின் 5இ3 சர்க்யூட்டில், ரெண்டு சேனல் வால்யூமும் ஒண்ணோட ஒண்ணு மோதும். கிடாரே சொருகாத சேனலின் நாபைத் திருப்பினாலும், வாசிக்கிற சேனலின் சத்தம் மாறும். எங்களைப் பிரிச்ச அதே குணம்! ஆனா அதையே ரசிச்சு வாசிக்கிறவங்க இருக்காங்க. நீல் யங் தன் பழைய டீலக்ஸின் நாப்களைக் காலால் அழுத்தித் திருப்பவே ஒரு தனி மெஷின் செஞ்சு வெச்சிருக்கார். தெரிஞ்சு செஞ்சா டோன். தெரியாமச் செஞ்சா சண்டை.

கலந்தப்புறம் நசுக்காதீங்க!

சரி, சேர்த்தாச்சு. உடனே ஆம்பில் டிஸ்டார்ஷனை முழுசா ஏத்திடாதீங்க.

நீங்க 440 ஹெர்ட்ஸ் 'ஏ' வாசிக்கிறீங்க. நண்பர் அதுக்கு ஹார்மனியா 554 ஹெர்ட்ஸ் 'சி ஷார்ப்' வாசிக்கிறார். சுத்தமான ஆம்ப் என்றால், ரெண்டும் அழகாக் கேக்கும். டிஸ்டார்ஷனுக்குள் ரெண்டும் ஒண்ணாப் போனா, யாருமே வாசிக்காத புதுச் சத்தங்கள் பிறக்கும். ரெண்டையும் கூட்டினது 994. ரெண்டையும் கழிச்சது 114. இந்த 114, 'ஏ'வும் இல்லை (அது 110), அடுத்த சுரமும் இல்லை (அது 116.5). ரெண்டுக்கும் நடுவில் தொங்குது. அதுதான் காதுக்கு 'கொழ கொழ'ன்னு வருது. இதுக்குப் பேர் இன்டர்மாடுலேஷன்.

அப்போ ராக்கில் பவர் கார்டு மட்டும் எப்படிக் கம்பீரமா இருக்கு? 110-ம் 165-ம் சேர்ந்தா, கழிச்சது 55. அதுவும் 'ஏ'தான், ஒரு ஆக்டேவ் கீழே! யாரும் வாசிக்காத பேஸ் ஒண்ணு இலவசமாக் கிடைச்ச மாதிரி. அதனால்தான் அங்கே அது தடிமனாக் கேக்குது.

குயீனின் பிரையன் மே, 'பிரைட்டன் ராக்' சோலோவை மேடையில் வாசிக்கும்போது, தன் கிடாரின் தாமத எதிரொலி ஒவ்வொண்ணையும் தனித்தனி ஏசி30 ஆம்புக்கு அனுப்பினார். ஒரே ஆள், ஒரே கிடார்தான். அதுக்கே தனித்தனிப் பெட்டி! எல்லாத்தையும் ஒரே ஆம்பில் போட்டு முறுக்கினா, ஹார்மனி சேறாகிடும்.

நமக்கு அவ்வளவு ஆம்ப் இல்லை. அதனால விதி இதுதான்: முதலில் அவங்கவங்க டிஸ்டார்ஷன் பெடலில் தனித்தனியா முறுக்கிக்கோங்க. அப்புறம் கலங்க. ஆம்பைச் சுத்தமா, 'கிளீன்' சேனலில் வைங்க. வால்யூமையும் கொஞ்சம் அடக்கி வைங்க. ரெண்டு பேரும் ஒரே நொடியில் ஓங்கி அடிச்சா, சிக்னலின் உச்சம் ரெட்டிப்பு வரை போகும். ஆம்ப் தன்னாலயே முறுக்க ஆரம்பிச்சுடும்.

பேஸ் கிடாரையும் இதுலயே சேர்க்கலாமான்னு கேக்கறீங்களா? மெதுவாப் பழகறதுக்கு ஓகே. மேடையில் வேண்டாம். கிடாரின் அடிக்கம்பி 82 ஹெர்ட்ஸ், பேஸின் அடிக்கம்பி 41. சின்ன கிடார் ஸ்பீக்கரில் அதைச் சத்தமா வாசிச்சா, ஸ்பீக்கர் கோன் குதிச்சே கிழியும். அப்புறம் சீனியருக்கு நீங்கதான் பதில் சொல்லணும்!

இது மட்டும் விளையாட்டு இல்லை

இனி சொல்றது சத்தத்தைப் பத்தி இல்லைங்க, உயிரைப் பத்தி.

கிடார் கம்பி, ஜாக், ஒயரின் மேல் வலை எல்லாமே ஆம்பின் எர்த்தோட சேர்ந்தது. ரெண்டு கிடாரைச் சேர்த்தா ரெண்டு பேரும் ஒரே எர்த்தைப் பிடிச்சிருக்கீங்க. பக்கத்தில் மைக் வேற. அது இன்னொரு மிக்ஸரில், இன்னொரு ப்ளக் பாயின்ட்டில், இன்னொரு எர்த்தில். ஏதோ ஒரு பக்கம் எர்த் சரியில்லைன்னா, கை கம்பியிலும் உதடு மைக்கிலும் படற நொடியில், நடுவில் இருக்கிற ஒயர் நீங்கதான். நம்ம ஊர் லைன் 230 வோல்ட்.

இது பயமுறுத்தக் கட்டின கதை இல்லை. 1972 மே மாதம், ஸ்டோன் தி க்ரோஸ் பேண்டின் கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி, ஸ்வான்ஸியில் மேடையிலேயே எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்துபோனார். 1976-ல் யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப், வீட்டில் கிடார் வாசிக்கும்போது ஷாக் அடித்து இறந்தார்.

ஆம்பில் 'ம்ம்ம்'னு இரைச்சல் வந்தா, நம்ம ஆளுங்க செய்யற முதல் காரியம் மூணு பின் ப்ளக்கின் பெரிய பின்னைக் கழட்டறது. இரைச்சல் நிக்கலாம். கூடவே உங்க பாதுகாப்பும் போயிடுது. செய்யாதீங்க! அதுக்குப் பதிலா ஆம்ப், மிக்ஸர், பெடல் அடாப்டர் எல்லாத்தையும் ஒரே போர்டில், ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுங்க. பல இரைச்சல் அதுலயே அடங்கும். மேடை போடற எலெக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட, "அண்ணா, எர்த் இருக்குங்களா? 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி போட்டிருக்கீங்களா?"னு வாய் திறந்து கேளுங்க. கேக்கறதில் வெக்கமே வேண்டாம். மைக்கைத் தொட்டதும் லேசா சுருக்குன்னா, 'பரவாயில்லை'ன்னு பாடாதீங்க. பாட்டை நிறுத்துங்க.

நாளைக்கே மேடையா? அஞ்சு பாயின்ட்:

1. ஆம்பில் ரெண்டு இன்புட் இருந்தா அதுவே போதும். ஒய் ஜாக்கை வீட்டில் விட்டுட்டு வாங்க.

2. ஒரே இன்புட்தானா? ரெசிஸ்டர் டப்பா, ஆப்-ஆம்ப் டப்பா, மிக்ஸர் - ஏதாவது ஒண்ணு நடுவில் இருக்கணும்.

3. ஒய் ஜாக்கைத் தவிர வேற கதியே இல்லையா? டியூன் பண்றதுக்குக்கூட யாரும் வால்யூம் நாபைத் தொடறதில்லைன்னு சத்தியம் பண்ணிக்கோங்க. சும்மா இருக்கணும்னா, கம்பியைக் கையால் அமுக்கிக்கிட்டு நில்லுங்க.

4. டிஸ்டார்ஷன் தனித்தனி. ஆம்ப் கிளீன்.

5. எர்த் பின்னில் கை வைக்காதீங்க.

மறுபடியும் உக்கடம்

அன்னிக்குப் பட்டறையில் டீ ஆறிப்போச்சு. நான் "ஸாரிடா" என்றேன். அவன் ஒண்ணும் சொல்லலை. அவங்க அப்பாதான் சால்டரிங் அயனை ப்ளக்கில் சொருகிட்டு, "ரெசிஸ்டரு எத்தனை ஓமுன்னு சொன்னீங்க?" என்று கேட்டார். மோட்டார் கம்பி சுத்தற கையால, ஒரு பழைய ஸ்விட்ச் பாக்ஸில் எங்களோட முதல் மிக்ஸர் டப்பா தயாராச்சு. பாக்கவே கண்றாவியா இருக்கும். ஆனா அடுத்த ரெண்டு வருஷம், நாங்க வாசிச்ச எல்லா மேடையிலும் ஆம்ப் தலைமேல அதுதான் உக்காந்திருந்தது. அவன் வால்யூமை ஜீரோ ஆக்கினப்பவும் நான் கேட்டுக்கிட்டே இருந்தேன்.

அந்தப் பதினஞ்சு நாளில், 'என் சத்தம் ஏன் போச்சு?'னு ஒரு தடவைகூட ஒயரைத் திறந்து பார்க்க எனக்குத் தோணலை. 'எவன் பண்ணினான்?'னு மட்டும்தான் தோணுச்சு. உங்க பேண்டிலும் இந்த சீஸனில் ஏதாவது ஒரு சத்தம் காணாமப் போகும். அப்போ ஆளை முறைக்கறதுக்கு முன்னாடி, ஒரு தடவை ஒயரைப் பாருங்க.

அடுத்த வாரம் பார்க்கலாமுங்க. அதுவரைக்கும்... ஆம்பை ஆஃப் பண்ணிட்டு ஒயரைக் கழட்டுங்க, 'டப்'புன்னு வெடிக்கிற சத்தத்துக்கு ஹாஸ்டல் வார்டன் எந்திரிச்சு வந்துடப் போறார்!